சேவல் கூவாத மறுதலிப்புகள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் முக்கால்வாசியில் ஒரே சங்கதி: பயம். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு அதையே எடுத்துக்கொண்டோம். பெயர் போடவேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

உண்மையான விசுவாசிக்குப் பயமே வராது என்கிறார் எங்கள் பாஸ்டர். எனக்கு வருகிறதே?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

கெத்செமனே தோட்டத்தில் இரத்தத் துளிகளாய் வியர்வை சிந்தியது யார் என்று பாஸ்டரிடம் கேட்டுப்பாருங்கள் தம்பி. பயம் தானாக வரும், அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டாம். வந்தபின் எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்பதில்தான் விசுவாசம் இருக்கிறது.

காரின் பின்கண்ணாடியில் ‘இயேசு ஜீவிக்கிறார்’ என்று ஒட்டியிருக்கிறேன். இது துணிச்சலான சாட்சிதானே?
– தொழிலதிபர், திருப்பூர்

ஒட்டுங்கள். ஒட்டியபின் சிவப்பு விளக்குக்கு நில்லுங்கள்.

எங்கள் லேத் பட்டறையில் ஆயுத பூஜை. பொரிகடலை வாங்கினால் வீட்டில் திட்டு, வாங்காவிட்டால் முதலாளி முறைப்பு. என்ன செய்ய?
– ஃபிட்டர், கோயம்புத்தூர்

கொரிந்து சபைக்கும் இதே தலைவலிதான். சந்தைக்கு வரும் இறைச்சியில் ஒரு பங்கு கோயிலில் படைத்துவிட்டு வந்தது. பவுல் மூன்று விதமாகத் தீர்ப்புச் சொன்னார். சந்தையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. விருந்துக்குக் கூப்பிட்டால் வைத்ததைச் சாப்பிடு. யாராவது ‘இது படைத்தது’ என்று எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே. பவுலின் கண் தட்டில் இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவர் மேலிருக்கிறது.

ஆகவே பொரி விஷயத்தை உங்கள் மனச்சாட்சியிடம் விடுகிறேன். வாங்கினாலும் சிரித்து வாங்குங்கள், வேண்டாமென்றாலும் சிரித்துச் சொல்லுங்கள். மெஷினுக்குச் சூடம் காட்டச் சொன்னால் அது வேறு, அது வழிபாடு. முடியாதென்றால் அன்று காலை எல்லார் முன்னிலையிலும் விறைத்துக்கொண்டு நிற்காமல், முதல் நாளே முதலாளியிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். சொன்ன கையோடு மெஷினைத் துடைக்க முதல் ஆளாகப் போங்கள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொண்டுபோகும் கேக்கை அவர்கள் ஒரு வேத வசனமும் பார்க்காமல்தானே சாப்பிடுகிறார்கள்?

தேவசகாயம் விசுவாசத்துக்காகக் கொல்லப்படவில்லை, அரசத் துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டார் என்று ஒருவர் வாதாடுகிறார். என்ன பதில் சொல்ல?
– ஆசிரியை, மார்த்தாண்டம்

சர்ச்சை இருப்பது உண்மை. சர்ச்சையில்லாத பகுதியை முதலில் வைப்போம். நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அலுவலர். குளச்சல் போரில் பிடிபட்டு அதே மன்னருக்குப் படைத் தளபதியான டச்சுக்காரர் டிலனாய் மூலம் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைதானார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இனி உங்கள் நண்பரின் வாதம். ‘இவன் ஜெபித்தான், ஆகவே தண்டிக்கிறோம்’ என்று எந்த அரசும் குற்றப்பத்திரிகை எழுதாது. கல்வாரியில் சிலுவைக்கு மேலே தொங்கிய பலகையில் எழுதியிருந்ததும் ‘யூதருடைய ராஜா’ என்ற அரசியல் குற்றச்சாட்டுதான். தேவசகாயம் சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார் என்பதைத் திருச்சபை சிறப்பாகச் சொல்கிறது. அந்தக் காலத் திருவிதாங்கூரில் அதைவிடப் பெரிய அரசத் துரோகம் என்ன இருந்திருக்க முடியும்? புனிதர் பட்டத்துக்கு முன்னால், ஆட்சேபம் எழுந்தபின், பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யையும் ரோம் எடுத்துவிட்டது.

உபத்திரவம் வந்தால் ஊரைவிட்டு ஓடுவது கோழைத்தனமா?
– வாசகர், சாயர்புரம்

சாயர்புரத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது! ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் அடுத்த பட்டணத்துக்கு ஓடச் சொன்னவர் இயேசு. தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில்வழியாக இறக்கிவிட்டார்கள், இரவோடு இரவாகப் போனார். உங்கள் பக்கத்து முதலூர் எப்படி வந்தது? சொந்தக் கிராமங்களில் அடியும் உதையும் பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்காக 1799இல் இடம் வாங்கி உண்டாக்கிய அடைக்கல ஊர் அது. தலைதெறிக்க ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அசனத்துக்குப் பந்தி பந்தியாக உட்காருகிறார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. உங்களை நம்பியிருப்பவர்களை விட்டுவிட்டு ஓடாதீர்கள். ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1939இல் அமெரிக்காவுக்குப் போய்ப் பத்திரமாக இருந்தார். தன் மக்கள் ஹிட்லரிடம் மாட்டிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் இங்கே இருக்கக்கூடாதென்று சில வாரங்களில் கப்பல் ஏறித் திரும்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிட்டார்கள். பவுல் ஓடியதும் சரி, போன்ஹோஃபர் ஓடாததும் சரி.

விடுதி வாட்ஸப் குழுவில், அரிசிக்காக மதம் மாறிய கூட்டம் என்று என்னை ‘அரிசி மூட்டை’ என்கிறார்கள். சுருக்கென்று ஒரு பதில் தாருங்கள்.
– பொறியியல் மாணவி, சென்னை

‘பொன்னியா, ஐ.ஆர். இருபதா?’ என்று கேளுங்கள். கிண்டல் செய்கிறவருக்குப் பாதி நேரம் அரிசியைப் பற்றியும் தெரியாது.

விடுதி அறைக்கு வெளியே கொஞ்சம் நிதானமாகப் பேச முடிந்தால் இதைச் சொல்லுங்கள். 1876–78 பெரும் பஞ்சத்தில் மிஷனரிகள் கஞ்சித்தொட்டி வைத்தார்கள், அதையொட்டித் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். மறைக்க வேண்டியதில்லை. கொடுத்தவருக்கும் வெட்கமில்லை, பசித்து வாங்கியவருக்கும் வெட்கமில்லை. ஆனால் அதற்கு முன்பே, தென் திருவிதாங்கூரில் கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மறைத்துச் சட்டை போட்டதற்காகத் தெருவில் அடிபட்டார்கள், சட்டை கிழிபட்டது, அவர்கள் கோயில்களும் பள்ளிகளும் எரிந்தன. 1820களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 அரச அறிவிப்பு வரை இழுத்தது. அந்தப் பாட்டிகளுக்கு யாரும் ஒருபடி அரிசி தரவில்லை. இருந்தும் திரும்பிப் போகவில்லை.

பேருந்தில் பைபிளைத் திறக்கக் கூச்சமாக இருக்கிறது.
– அலுவலர், மதுரை

திறக்காவிட்டால் பரவாயில்லை. பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்கும்போது திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திராதீர்கள்.

‘சைலன்ஸ்’ படம் பார்த்தேன். ஜப்பானில் இயேசுவின் உருவத்தை மிதித்தவர்களெல்லாம் மறுதலித்தவர்கள்தானே?
– திரைப்பட ரசிகர், புதுச்சேரி

மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்த்துவிட்டுத் தீர்ப்பெழுதுவோம். 1614இல் ஜப்பான் முழுவதும் கிறிஸ்தவம் தடையானது. பிறகு நாகசாகிப் பக்கத்து ஊர்களில் வருஷாவருஷம் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, இயேசுவோ மரியாளோ பொறித்த தகட்டை மிதிக்கச் சொல்வார்கள். மறுத்தவர்களுக்குச் சித்திரவதை. மிதித்தவர்களில் பலர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மனஸ்தாப ஜெபம் சொல்லி அழுதார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் அவர்களுக்கு ஒரு குருவானவர் கிடையாது. ஊரில் ஒருவர் தண்ணீர் ஊற்றிப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், இன்னொருவர் பண்டிகை நாட்களைக் கணக்கு வைத்துக்கொள்வார்.

1865 மார்ச் 17 அன்று, வெளிநாட்டாருக்காக நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா ஆலயத்துக்குள் ஏழைக் கிராமத்தார் சிலர் வந்தார்கள். பெட்டிஜான் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரிடம், எங்கள் இதயமும் உங்கள் இதயமும் ஒன்றுதான் என்ற பொருளில் மெல்லச் சொன்னார்கள். அதன்பிறகும் தடை நீங்கவில்லை. வெளியே தெரிந்துவிட்ட உராகாமி ஊர்க்காரர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை நாடு முழுக்கச் சிதறடித்தார்கள். 1873இல்தான் விட்டார்கள். பாட்டன் மிதித்த அதே குடும்பங்கள்தான், இந்த முறை மிதிக்கமாட்டோம் என்று நாடுகடத்தலுக்குப் போனவை.

ஆனால் ஜாக்கிரதை. இந்தக் கதையை நமக்குச் சாக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது. அவர்கள் மிதித்தது பிள்ளைகளின் உயிருக்காக. நாம் மிதிப்பது பெரும்பாலும் பதவி உயர்வுக்காக.

குடும்பஸ்தன் கொள்கைக்காக உயிரை விடலாமா? பிள்ளைகளை யார் பார்ப்பது?
– இரண்டு குழந்தைகளின் தகப்பன், திருச்சி

இதே கேள்வியை ஓர் ஆயரே கேட்டிருக்கிறார். ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூர் விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். ஊர் ஆலயத்தில் கோயில்பிள்ளை வேலையும் பார்த்தார். 1938இல் ஹிட்லரோடு நாடு இணைவதற்கான வாக்கெடுப்பில் அந்த ஊரிலேயே ‘வேண்டாம்’ என்று போட்டவர் அவர் ஒருவர்தான். 1943இல் படைக்கு அழைத்தபோது ஹிட்லருக்காகச் சண்டையிட மாட்டேன், காயம்பட்டவர்களுக்குச் சேவை செய்கிறேன் என்றார். மூன்று சின்னப் பெண்பிள்ளைகள். குடும்பத்தை நினைத்துப் பார் என்றுதான் சாமியாரும் சொன்னார், லின்ஸ் ஆயரும் சொன்னார். 1943 ஆகஸ்ட் 9 அன்று தலையை வெட்டினார்கள்.

மனைவி ஃபிரான்சிஸ்கா முதலில் கெஞ்சினார். பிறகு, தானும் கைவிட்டால் அவருக்கு யாருமில்லை என்று கூட நின்றார். போர் முடிந்தபின் ஊர் அவரைத்தான் ஏசியது, விதவை உதவித்தொகைக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தார். 2007இல் அதே லின்ஸ் நகரப் பேராலயத்தில் யேகர்ஷ்டெட்டருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது முன்வரிசையில் 94 வயதில் அவர் உட்கார்ந்திருந்தார். ஆயர் மாளிகை அந்த விவசாயி நின்ற இடத்துக்கு வந்துசேர 64 வருஷம் பிடித்தது.

உங்களுக்கு நான் சொல்வது: நீங்கள் எடுக்கும் முடிவின் செலவில் பாதியை மனைவிதான் கட்டப்போகிறார். அவரிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசுங்கள். ஞாயிறு மேடையில் வீரம் பேசிவிட்டு வீட்டில் தகவல் மட்டும் சொல்லாதீர்கள்.

வேலைக்கான நேர்காணலில் பயந்துபோய் ‘நான் கிறிஸ்தவன் இல்லை’ என்று சொல்லிவிட்டேன். தூக்கம் வரவில்லை. மன்னிப்பு உண்டா?
– பட்டதாரி, திண்டுக்கல்

உண்டு. உங்களுக்கு முன்பே பெரிய கூட்டம் அந்த வரிசையில் நின்றிருக்கிறது. கி.பி. 250இல் ரோமப் பேரரசர் டீசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகவே கிடைத்திருக்கின்றன. சிலர் மறுத்துச் செத்தார்கள். பலர் பலியிட்டார்கள். இன்னும் சிலர் புத்திசாலிகள், பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். நம்மூர் மூளைக்கு அது நன்றாகப் புரியும்.

புயல் ஓய்ந்ததும் விழுந்தவர்களில் பலர் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். ரோமில் நொவேஷியன் என்பவர், விழுந்தவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார். சபை அவர் பேச்சைக் கேட்கவில்லை. மனந்திரும்புதலுக்குக் காலம் வைத்து, பிறகு கதவைத் திறந்தது. அதை ஒழுங்குபடுத்திய கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் டீசியஸ் காலத்தில் தலைமறைவாக இருந்து பேச்சு வாங்கியவர்தான். எட்டு வருஷம் கழித்து, 258இல், ஓடாமல் நின்று தலையைக் கொடுத்தார். ஒருமுறை ஒளிந்தவர் மறுமுறையும் ஒளிவார் என்று சட்டமில்லை. தூங்குங்கள்.

கணவர் வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஜெபிக்கிறேன். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. நெற்றியில் குங்குமமும் வைக்கிறேன். நான் இரட்டை வேஷக்காரியா?
– இல்லத்தரசி, விருதுநகர் மாவட்டம்

இல்லை அம்மா. உங்கள் மாவட்டத்திலேயே உங்களுக்கு மூத்தவர்கள் இருக்கிறார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவகாசியில், மிஷன் பெண்கள் வீட்டுக்கு வந்து வேதம் சொல்லிக்கொடுக்கக் கேட்டு, வெளியே இந்துக் குடும்பப் பெண்களாகவே இருந்துகொண்டு கிறிஸ்துவை வணங்கியவர்கள் உண்டு. வரலாற்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெறாத இப்படிப்பட்ட விசுவாசிகளைச் சென்னையிலும் தமிழ்நாட்டின் கிராமங்களிலும் தேடி ஆராய்ந்த ஹெர்பர்ட் ஹோஃபர் 1991இல் ஒரு புத்தகமே போட்டார். வேதத்தில் பார்த்தால், ராஜாவோடு ரிம்மோன் கோயிலுக்குப் போய்க் குனிய வேண்டியிருக்கிறதே என்று தயங்கிய நாகமானை எலிசா சமாதானத்தோடே போகச் சொன்னார். பயத்தால் மறைவில் இருந்த அரிமத்தியா யோசேப்புதான், சீடர்கள் சிதறிய நேரத்தில் பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்டவர்.

மூன்று காரியம் மட்டும். அடி விழும் என்ற நிலை இருந்தால் யார் அவசரப்படுத்தினாலும் அவசரப்படாதீர்கள், அவசரப்படுத்துகிறவர் அந்த வீட்டில் இரவு தங்கப்போவதில்லை. நம்பகமான ஒரு பெண்ணாவது உங்களுக்குத் துணையாகத் தெரிந்திருக்கட்டும். கணவரிடம் சொல்லும் நாள் வந்தால், ஊரார் வாயிலிருந்து அல்லாமல் உங்கள் வாயிலிருந்தே அவர் கேட்கட்டும்.

பேதுரு மூன்று தரம் மறுதலித்தார். சேவல் கூவியதும் அழுதார். அதோடு திருந்திவிட்டார் அல்லவா?
– ஞாயிறு பள்ளி ஆசிரியர், நாசரேத்

அப்படித்தான் ஞாயிறு பள்ளியில் முடிக்கிறோம். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் பேதுரு பயந்தது உயிருக்கு. பிறகு சிறையைப் பார்த்தார், அடியைப் பார்த்தார், பயப்படவில்லை. ஆனால் அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து ஒதுங்கிக்கொண்டார். யாரும் வாளைக் காட்டவில்லை. நம் ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம், அவ்வளவுதான். அவரைப் பார்த்துப் பர்னபாவும் எழுந்துவிட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கேட்டார்.

உயிருக்குப் பயந்து மறுதலித்தவருக்கு ஒரு சேவல் போதும், அப்போதே அழுதுவிடுவார். மானத்துக்குப் பயந்து மறுதலிக்கிறவருக்கு அது மறுதலிப்பு என்றே தெரியாது. கூட இருக்கிற ஒருவர் எழுந்து சொன்னால்தான் உண்டு.

மகன் சர்ச்சிலேயே ஒரு பெண்ணை விரும்புகிறான். நல்ல ஜெபிக்கிற பிள்ளை. ஆனால் வேறு சாதி. எனக்கு ஆட்சேபம் இல்லை. சபையில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயம்.
– சபை மூப்பர், தூத்துக்குடி

மேலே உள்ள பதிலில் பேதுருவுக்குப் பதில் உங்கள் பெயரைப் போட்டு வாசியுங்கள் ஐயா.

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872இல் ஓர் ஆலயம் கட்டினார்கள். ஒரு பீடம், அதிலிருந்து பிரிந்துபோகும் இரண்டு நீளக் கூடங்கள், சாதிக்கு ஒன்று, நடுவே தடுப்புச் சுவர். மேலே இருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும். மன்னரின் துப்பாக்கிக்குப் பணியாத விசுவாசம் முளைத்த ஊரில், பக்கத்து வீட்டுக்காரரின் முகச்சுளிப்புக்கு ஆலயமே இரண்டாகப் பிளந்து நின்றது. சுவரை இடிக்க 1910 வரை ஆனது. செங்கல் சுவர் போயிற்று. நம் திருமண விளம்பரங்களில் ‘இரட்சிக்கப்பட்ட, ஜெபவாழ்வுள்ள’ என்று தொடங்கி உட்பிரிவு வரை எழுதுகிறோமே, அதை இடிக்கத்தான் ஆள் வரவில்லை.

உங்கள் மகன் வந்திருக்கிறான். நாலு பேரையும் கல்யாணத்துக்குக் கூப்பிடுங்கள். பிரியாணி நன்றாக இருந்தால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

ஞாயிறு ஆராதனை, சான்றிதழில் ‘இந்து ஆதிதிராவிடர்’. மகன் படிப்புக்காக மாற்றவில்லை. சபையில் எங்களைக் குத்திக்காட்டுகிறார்கள்.
– கூலித் தொழிலாளி, செங்கல்பட்டு மாவட்டம்

முதலில் சட்டம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். மதம் பார்க்காமல் கொடுங்கள் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சொன்னது, நடக்கவில்லை. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்பதை ஏற்க முடியாதென்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இதில் ஆபத்து இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது குத்திக்காட்டுகிறவர்களுக்கு. மதம் மாறியதும் சேரியில் சாதி இவர்களை விட்டுவிட்டதா? கல்லறைத் தோட்டத்தில் விட்டதா? உண்மை பேசு என்று ஏழைக்குப் போதிக்கிற சபையிடம் பள்ளி இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, காணிக்கைப் பெட்டியும் இருக்கிறது. அந்தப் பையனின் கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம், நீ மாற்றிக்கொள் என்று ஒரு தீர்மானம் போடட்டும். போட்டபின் போதிக்கலாம்.

வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தினால் சிலர் வந்து மிரட்டுகிறார்கள். மதமாற்றத் தடைச் சட்டத்தில் உள்ளே தள்ளுவோம் என்கிறார்கள்.
– வாசகி, ஈரோடு

தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் 2002இல் வந்தது, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. வேறு சில மாநிலங்களில் இருக்கிறது. மனச்சாட்சிச் சுதந்திரம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவில் பத்திரமாக இருக்கிறது.

ஒலிபெருக்கி வைத்திருந்தால் முதலில் அதை அணையுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை. அதன்பிறகும் மிரட்டினால் கைகலப்பு வேண்டாம். காவல் நிலையத்தில் எழுத்தாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். உரிமையைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் பிலிப்பியைக் காட்டுங்கள். பவுலையும் சீலாவையும் விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் ஓசைப்படாமல் போகச் சொன்னபோது பவுல் நகரவில்லை. நாங்கள் ரோமக் குடிமக்கள், அடித்த அதிகாரிகளே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். வந்தார்கள், கெஞ்சினார்கள்.

மரியாதையான மறுப்புக்கு நீதிமன்றமும் காது கொடுக்கும். 1985இல் கேரளத்தில், தேசிய கீதம் ஒலிக்கும்போது எழுந்து நின்று, ஆனால் மத நம்பிக்கை காரணமாகப் பாடாதிருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளி வெளியேற்றியது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றது வழக்கில் பெரிய துணை.

உபத்திரவம் வாசற்படியில் நிற்கிறது, முத்திரை குத்தப்போகிறார்கள் என்று வாராவாரம் பிரசங்கம். பிள்ளைகள் பயந்து அழுகிறார்கள்.
– தாய், சேலம்

2008இல் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்துவை விட்டுவிடு என்று கோடரியோடு வந்தவர்களுக்குப் பயந்து கிறிஸ்தவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது ஞாயிறு பள்ளி முடித்து வந்த பிள்ளைகள் பலர் இறந்தார்கள். அதே சபையார் தொடர்ந்து கூடி ஆராதித்தார்கள். உபத்திரவத்தைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிக் குறைவாகவும் மெதுவாகவும்தான் பேசுகிறார்கள். பிள்ளைகளை அழவைக்கிற பிரசங்கியாரிடம், அந்த ஊர்க் குடும்பங்களுக்கு நம் சபை என்ன அனுப்பியது என்று கேளுங்கள். அடுத்த வாரம் தலைப்பு மாறும்.

நான் கிறிஸ்தவன் அல்ல. என் மகள் மாறிவிட்டாள். தாத்தா திதிக்குக்கூட வரமாட்டேன் என்கிறாள். இதுதான் உங்கள் உறுதியா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

வணக்கம் ஐயா. உங்கள் வருத்தம் நியாயமானது. மகளுக்கு நான் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: தங்கச்சி, தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. பிண்டத்தில் பங்கெடுக்க மனச்சாட்சி இடம் தராவிட்டால் அதை அப்பாவிடம் பணிவாகச் சொல். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போ, பாத்திரம் தேய், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து தாத்தா கதையைக் கேள். போகாமலே இருப்பதற்குப் பெயர் உறுதியில்லை.

உங்களுக்கு ஒரு சொல். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறிஸ்தவரானார். கம்பனை விட்டாரா? அந்தத் தமிழை வைத்துத்தான் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். உங்கள் மகளும் உங்கள் வீட்டை விட்டுப் போய்விடவில்லை. கதவைச் சாத்தாதீர்கள்.

சரக்கு இருப்புக் கணக்கில் பொய் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேலாளர். எல்லாரும் போடுகிறார்கள். இதற்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்?
– கணக்கர், ஓசூர்

இதுதான் உங்கள் காற்றாடி மலை. ஆனால் உபத்திரவம் என்று இதை யாரும் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள். மேலாளரும் ‘கிறிஸ்துவை மறுதலி’ என்று கேட்கப்போவதில்லை, ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்றுதான் கேட்பார். உங்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் அது சாதாரணமாகத் தெரியும்.

உண்மையான எண்ணிக்கையை எழுதி, அதற்கு மின்னஞ்சலில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, இதில் போடுகிறேன் சார், அதில் முடியாது என்று சொல்லுங்கள். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிடமாட்டார்கள், அறிவிப்பிலும் வராது. சம்பள உயர்வு தள்ளிப்போகலாம், வேலையே போகலாம், ஆகவே இன்று மாலையே வீட்டில் பேசிவிடுங்கள். போடாதீர்கள்.